தாது வருஷத்துக் கல்யாணம்

ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுவது எட்டு வயதில் எனக்கு ஏற்பட்ட பழக்கம். முதலில் தமிழ் வருஷம், மாதம், தேதி. அதற்குப் பிறகு நடந்தது என்னவோ அது. அப்பா மதுரையில் ஒரு பஞ்சாலையில் எழுத்தராக இருந்தார். ஒருபக்கம் எழுதிய பழைய தாள்களைத் தைத்து எனக்கு நோட்டாக்கிக் கொடுப்பார். முதல் மூன்று நோட்டுகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. யுவ வருஷம் தை மாதத்து ஏடு மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது. அதில் மூன்றாம் தேதிக்கு நேரே, கோணல் எழுத்தில் இப்படி இருக்கிறது:

"உசிலம்பட்டி. அறுபதும் ஒப்பித்தேன். சீயான் சாப்பிடவில்லை."

இங்கிலீஷ் கணக்கில் அது 1936 ஜனவரி. எனக்கு ஒன்பது வயது. சீயான் என்பது ஆளின் பெயரல்ல. அம்மாவின் ஊர்ப்பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பாட்டியை அம்மாச்சி என்று.

எங்கள் வீடு ஆரப்பாளையத்தில், வைகைக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் அம்மா என்னை அழைத்துக்கொண்டு போடி ரயிலில் ஏறுவாள். அந்த ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஏழெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உசிலம்பட்டியில் இறங்கினால் சீயான் வண்டி பூட்டி வந்து நிற்பார். அங்கிருந்து மூன்று மைல் கரட்டுப் பாதை. வழியெல்லாம் மானாவாரிக் காடு. கம்பு, சோளம், பருத்தி. மழை பெய்தால் பச்சை, பெய்யாவிட்டால் செம்மண்.

வீட்டில் நான்தான் ஒரே பேரப்பிள்ளை. அம்மா மூத்தவள், நடுவில் பிறந்தவை தங்கவில்லை, கடைசியாகச் சின்னம்மா. அவளுக்குப் பதினேழு வயது. வண்டியிலிருந்து நான் காலைக் கீழே வைப்பதற்குள் அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வைகையில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் எவ்வளவு, முழங்காலா இடுப்பா என்று அளவு கேட்பாள். பிறந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீரையும் ஊருணித் தண்ணீரையும் தவிர வேறு பார்க்காதவள் அவள். நான் பட்டணத்துக்காரி என்ற மமதையில் இல்லாத வெள்ளத்தையெல்லாம் சேர்த்துச் சொல்வேன்.

அந்த வருஷம் அவள் கேள்விக்கு ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. சோழவந்தானில் வெற்றிலை பயிரிடும் ஒரு கொடிக்கால்காரர் வீட்டில் அவளைப் பெண் கேட்டு, கார்த்திகையில் வெற்றிலை பாக்கும் மாற்றியிருந்தார்கள். கல்யாணம் வைகாசியில். மாப்பிள்ளையின் தாயார் கெட்டிக்காரி. மாசத்துக்கு இரண்டு முறை, ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கவுளிகளை யார் கையிலாவது ரயிலில் கொடுத்து அனுப்பிவிடுவார். அம்மாச்சி வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. உசிலம்பட்டிச் சந்தையின் முரட்டு வெற்றிலையையே அதுவரை மென்றவளுக்கு, சோழவந்தான் கொழுந்து வந்ததிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு குறையும் தெரியவில்லை.

தை மூன்றாம் நாள் முற்பகல் சீயான் முற்றத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அப்பா எனக்கு அறுபது வருஷப் பெயர்களையும் வாய்ப்பாடுபோலச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அதை ஒப்பிக்கிறேன் என்றேன். சீயானுக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி படித்தவள் என்பதில் ஊரையே கூட்டிக் காட்டும் பெருமை உண்டு. பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பிரபவ, விபவ என்று தொடங்கினேன்.

பாவ, யுவ என்று வந்ததும் எனக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. நிறுத்தி, விளக்கமும் சொன்னேன்.

"இப்ப நடக்குறது யுவ, சீயான். வர்ற சித்திரையில தாது பொறக்குது."

பிறகு ஈஸ்வர, வெகுதான்ய என்று ஒரே ஓட்டமாக ஓடி அட்சயவில் போய் நின்றேன். யாரும் பாராட்டவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் வயதானவர் ஒருவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். சீயானின் கையில் கயிறு பாதி முறுக்கில் நின்றது.

"எது பொறக்குது?" என்றார்.

நான் மறுபடி சொன்னேன். எண்ணிப் பார்க்கச் சொன்னார். விரல்விட்டு எண்ணினேன். சரியாகத்தான் வந்தது. கயிறு முறுக்குப் பிரிந்து தரையில் விழுந்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் மாட்டுக் கொட்டத்துப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னாள். அறுபது வருஷத்துக்கு முந்திய தாதுவில்தான் அந்தப் பெரிய பஞ்சம். அப்போது சீயானுக்கு ஐந்தோ ஆறோ வயது. ஜனங்கள் எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்துவைத்த தானியத்தை எடுத்துத் தின்றார்களாம். சீயானின் தாயும் அப்படித் தோண்டியிருக்கிறாள். களத்தில் எறும்புச் சாரி போகும் இடத்தில் சீயான் ஏன் யாரையும் காலால் தேய்க்க விடுவதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வருஷத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. சீயானுக்கு வருஷம் என்றால் கிணறு வெட்டின வருஷம், காளை செத்த வருஷம், இவ்வளவுதான். அறுபது முடிந்தால் அது திரும்பும் என்று தெரியும். எப்போது திரும்பும் என்று அவர் எண்ணவில்லை, மற்றவர்களும் அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு நடந்தவை காது வழியாக வந்தவை. சீயான் அந்த வருஷத்துக் கம்பில் ஒரு படிகூடச் சந்தைக்கு அனுப்பவில்லை. வீட்டிலிருந்த இரண்டு குலுக்கை, அதாவது ஆள் உயரத்துக்கு மண்ணால் வனைந்த தானியக் கூடு, போதாதென்று மூன்றாவது ஒன்றை வனையச் சொல்லி நிரப்பினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சித்திரையில் பிறக்கிற வருஷத்தில் என் வீட்டில் மேளம் கொட்டாது, பஞ்சம் வரும்போது பந்தல் போட்டு ஊருக்குச் சோறு போடுவது தெய்வத்தைச் சீண்டுவது என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணம் அதற்கடுத்த சித்திரைக்குப் பிறகுதான் என்றார்.

மாப்பிள்ளையின் தாயார் பதில் சொல்லி அனுப்பினார். பெண்ணைப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருஷம் முழுக்கக் காத்திருக்க முடியாது. ஆவணிக்குள் நடக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம். அத்தோடு வெற்றிலைக் கவுளியும் நின்றது.

இந்தச் செய்தி ஆரப்பாளையத்துக்கு மாசியில் வந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சின்னம்மாவின் கல்யாணத்தை நான் நிறுத்திவிட்டேன் என்று நானே முடிவுசெய்து, அதைச் சரிசெய்ய நானே ஒரு வழியும் கண்டுபிடித்தேன். பங்குனி முழுக்க அதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் ஊருக்குப் போனோம். சின்னம்மா வாசலில் நின்றாள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று அந்த முறை அவள் கேட்கவில்லை. நான் நேரே சீயானிடம் போனேன்.

"சீயான், அன்னைக்கு நான் தப்பா ஒப்பிச்சுட்டேன். யுவவுக்குப் பெறகு ஈஸ்வர. தாது எப்பவோ போயிருச்சு."

தெரிந்தே ஒரு தேதியைப் பொய்யாகச் சொன்னது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். சீயான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நெசமாவா, தாயி?"

"ஆமா சீயான். அப்பா பொஸ்தகத்தப் பாத்துச் சொன்னாக."

அவர் என் தலையைத் தொட்டார். அன்று மத்தியானம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று அம்மாச்சியிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி அம்மாச்சி கேட்டு மாசம் மூன்றாகியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான் மறந்தது ஒன்று. சித்திரை முதல் நாள் காலையில் கோயில் முன்னால் பஞ்சாங்கம் படிப்பார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து, பிறந்த வருஷத்தின் பெயர், மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் விளையும் என்று ஊர் கூடியிருக்க உரக்க வாசிப்பார். இதை ஒவ்வொரு வருஷமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். அப்படியும் எனக்கு நினைவு வரவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "தாது வருஷம்" என்று தொடங்கியபோதுதான் வந்தது. கூட்டத்தில் கிழவர்கள் இருந்த பக்கம் மட்டும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சீயான் என் பக்கம் திரும்பவே இல்லை. வாசிப்பு முடிந்ததும் பானகம் வாங்கிக் குடித்துவிட்டு முன்னால் நடந்தார்.

வீட்டு முற்றத்தில்தான் கேட்டார்.

"ஏந்தாயி, நாளைக்கு ஊரு நடுவுல வாசிப்பாகன்னு ஒனக்குத் தோணலையா?"

நான் அழத் தொடங்கினேன். யாருக்காகச் சொன்னாய் என்று அவர் கேட்க, நான் அடுப்படி வாசலில் நின்ற சின்னம்மாவைக் கை காட்டினேன். சின்னம்மாவுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம்.

"பொய் சொல்றதுன்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. நல்லதா ஒண்ணு சொல்லித் தந்திருப்பேன்" என்றாள். அதைச் சொன்ன பிறகு அவளால் அங்கே நிற்க முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். குடத்தில் தண்ணீர் இருந்தது.

அம்மாச்சி அதுவரை கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாசமாக அவளும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தாள். பஞ்சத்தைப் பார்த்தவரிடம் பார்க்காதவள் என்ன பேசுவது என்ற எண்ணமாக இருக்கலாம். முறத்தைக் கீழே வைத்தாள்.

"பஞ்சம் வருதுன்னே வச்சுக்கிருவோம். நான் இல்லேங்கல. அப்ப உங்க ஐயா உங்கள எங்கிட்டுத் தூக்கிட்டு நடந்தாரு?"

அம்மாச்சியே பதிலும் சொன்னாள்.

"கெழக்க. ஆத்தங்கரைக்கு. ஊரே அங்கிட்டுத்தான போச்சு. இன்னைக்கு அதே ஆத்தங்கரையில இருந்து வீடு தேடி வந்து பொண்ணு கேக்குறாக. பஞ்சம் வருதுன்னு சொல்லி இந்தக் காஞ்ச காட்டுல அவளப் புடிச்சு வச்சிருக்கீக. வந்தா அவளும் நம்மளோட சேந்து காயட்டும்னா?"

சீயான் குலுக்கைகள் இருந்த மூலையைப் பார்த்தார். மூன்றும் வாய்வரை நிறைந்து, மண் பூசி மூடிக் கிடந்தன.

"அம்புட்டுத்தான் நான் சொல்லுறது" என்று முறத்தை எடுத்தவள், மறுபடி கீழே வைத்தாள். "வெத்தலைக்காகச் சொல்லுறேன்னு மட்டும் நெனச்சுக்கிராதீக."

என் அம்மாதான் முதலில் சிரித்தாள். சீயான் சிரிக்கவில்லை. ஆனால் நோட்டில் சித்திரை நாலாம் தேதிக்கு நேரே, "சீயானோடு ரயில்" என்று எழுதியிருக்கிறேன்.

அதுவரை அவர் ரயிலில் ஏறியதில்லை. மதுரைக்குப் போய் வண்டி மாறிச் சோழவந்தான் போக வேண்டும். நிலையத்துப் பலகைகளை வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டார். பொய் சொன்னவளைத்தான் நம்பி அழைத்துப்போனார் என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன். மடியில் ஒரு துண்டு முடிச்சு. என்ன என்று கேட்டதற்குக் கம்பு என்றார். சன்னலோரம் உட்கார்ந்து, வெளியே சாலை கூடவே ஓடிவருவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவில், நாகமலை கண்ணில் படத் தொடங்கும் இடத்தில், சாலையோரம் வரிசையாகப் புளியமரங்கள். அங்கே ஒரு விரலை நீட்டினார்.

"இங்கன வரைக்கும் எங்க ஆத்தா நடந்துச்சு."

ரயில் அந்த இடத்தைக் கடந்துவிட்டது. நான் எந்த மரம் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாள், கிழமையெல்லாம் குறித்துவைப்பவள் அதை விட்டுவிட்டேன்.

சோழவந்தானில் மாப்பிள்ளை வீடு கொடிக்காலை ஒட்டி இருந்தது. அகத்தி மரங்களின் நிழலில் கொடிகள் வரிசையாக ஏறியிருந்தன. பக்கத்தில் வாய்க்கால். சித்திரை வெயிலிலும் அந்த இடத்து மண் காலுக்குக் குளுமையாக இருந்தது. சீயான் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். மாப்பிள்ளையின் தாயார் வரவேற்பில் குறை வைக்கவில்லை. ஆனால் குரலில் விறைப்பு இருந்தது.

"வாங்கண்ணே. தாது வருசத்துல வெளிய தெருவ வரமாட்டீகன்னு நெனச்சேன்" என்றார்.

சீயான் அந்தக் குத்தலைத் தாங்கிக்கொண்டார். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். தனக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து வைத்தார். சீரோடு சீராக ஒரு குலுக்கைக் கம்பும் வரும்; அதை இந்த வீட்டில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள வேண்டும்; வருஷா வருஷம் பழசை எடுத்துப் புதுசைப் போட வேண்டும்; காலி மட்டும் ஆகக் கூடாது.

அந்த அம்மாள் கம்பை அள்ளிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"நெல்லு வெளையுற ஊருக்குக் கம்பு சீராண்ணே? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் தாயி. நெல்லு தண்ணியப் பாத்து வெளையும். இது மானத்தப் பாத்து வெளையும். ரெண்டும் வீட்டுல இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

கிளம்பும்போது எங்கள் கையில் நாலு கவுளி வெற்றிலை இருந்தது.

தாது வருஷம் ஆவணியில் சின்னம்மாவின் கல்யாணம் நடந்தது. அம்மாச்சி பத்து நாள் முன்னதாகவே சோழவந்தானுக்குப் போய், அந்த ஊர் மண்ணிலேயே தன் கையால் குலுக்கையை வனைந்து காயவைத்திருந்தாள். தாலி கட்டிய மறுநாள் சின்னம்மா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு வைகையைப் பார்க்கப் போனாள். கரையேறிப் பார்த்தால் அக்கரைவரைக்கும் வெறும் மணல். நடுவில் இரண்டு கழுதைகள் நின்றன.

"முழங்காலுன்னு சொன்ன, இடுப்புன்னு சொன்ன. பொய்யில நீ பழைய ஆளுடி" என்றாள்.

வாய்க்காலில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு அதில் இறங்கி, யாரோ தேடிவரும்வரைக்கும் நின்றாள்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழை சுமாராகப் பெய்தது; கம்பும் சுமாராக விளைந்தது. பங்குனி கடைசி நாள் நாங்கள் ஊரில் இருந்தோம். இன்றோடு முடிகிறதா என்று சீயான் என்னிடம் கேட்டார். முடிகிறது என்றேன். நாளைக்கு ஊர் நடுவில் வாசிப்பார்கள், நினைவிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மறுநாள் ஈஸ்வர என்று வாசித்து முடித்ததும் வீட்டுக்கு வந்து, மூன்றாவது குலுக்கையின் அடைப்பைத் தானே தட்டித் திறந்தார். கம்பில் வண்டு விழுந்திருந்தது. நல்லதைப் பிரித்தெடுத்துக் கூழ் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினார்கள். வண்டு விழுந்ததை அவர் கோழிக்குப் போடவில்லை. களத்து மேட்டில் எறும்புப் புற்றுகளைச் சுற்றிக் கொட்டிவிட்டு வந்தார்.

அடுத்த தாது எப்போது என்று அன்று கேட்டார். 1996 என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அந்த எண் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது எழுபது வயது நெருங்கும் என்றதும்தான் புரிந்தது. "அப்ப நீ பாத்துக்க" என்றார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வதுபோல.

அவர் பயந்தது போல ஒன்று வராமலும் போகவில்லை. யுத்த காலத்தில், தாதுவுக்கு ஏழு வருஷம் தள்ளி, மதுரையில் அரிசிக்கு வரிசையில் நின்றோம். அதற்குள் போடி ரயிலின் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சீயானும் போய்விட்டார். சின்னம்மாதான் சோழவந்தானிலிருந்து மாசாமாசம் கம்பு கொடுத்து அனுப்பினாள். அவள் மாமியார், ஒரு காலத்தில் சிரித்தவர், தன் கையாலேயே அளந்து கட்டுவாராம்.

இப்போது நான் இருப்பது மாடி வீடு. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. இந்தச் சித்திரை இரண்டாம் நாள் காலை, சின்னம்மாவின் பேரன் ஆட்டோவில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். சோழவந்தானிலிருந்து பேருந்தில் போட்டு வந்திருக்கிறான். எழுபத்தேழு வயதில் சின்னம்மா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: வருஷம் பொறந்துருச்சாம், மறந்திருக்க மாட்டா, ஆனா பொய் சொல்லுவா.

மூட்டையை எங்கே வைப்பது என்று நானும் அவனும் பதினைந்து நிமிஷம் யோசித்தோம். கடைசியில் தண்ணீர் பிடிக்கும் தகர டிரம்மைத் துடைத்துக் காயவைத்து அதில் கொட்டினோம். சாயங்காலம் நோட்டை எடுத்து எழுதினேன்:

"தாது, சித்திரை 2. கம்பு வந்தது. எறும்பும் வந்தது."